கல்லிமேனையின் அடைபட்ட வாசல்

நாள் 41, 08:10
கடலடி நிலையம், ஈஜியன் கடல். ஆழம் 38 மீட்டர். காற்று, மின்சாரம் சீர். பொறுப்பாளர் நான், அருமைநாயகம். உடன் இருப்பவர் ஒருவரே: பிரகாசி, முக்குளிப்பவர், தூத்துக்குடிக்காரி, திட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம். ஏழு மணிக்குச் சிறு நீர்மூழ்கிக் கலத்தில் மேற்கே போனாள்.

கீழே கிடப்பது கல்லிமேனை என்ற கிரேக்கத் துறைமுக நகரம். ஆற்று வண்டல் துறையை மூடியது, வணிகர்கள் வெளியேறினார்கள், நகரம் செத்தது. கடலுக்குள் போனது அதற்கும் பிறகுதான். இதை நிறுவ எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

நாள் 41, 13:25
பிரகாசி: “சார், துறைமுக வாசல் கெடச்சிட்டு! வண்டல் மூடல சார். கப்பல்ல கல்ல ஏத்தி, அடிப்பலகையில தொளை போட்டு, வாசல்லயே முக்கி வச்சிருக்காவ. பகைக்காரன் வந்துரக்கூடாதுன்னு அவிய ஊர அவியளே அடைச்சிருக்காவ!”

அவள் கலத்திலிருந்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

“இன்னொரு தடவை பாரு” என்றேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் எடுத்து அனுப்பினாள்.

நாள் 42, 09:40
மேலே கப்பலிலிருந்து திட்டத் தலைவர் வேதவல்லி: “பதினோரு வருஷமா நீங்க தேடின வாசல். அந்தப் பொண்ணு மூணே மாசத்துல புடிச்சிட்டா, பாத்தீங்களா?”

பார்த்தேன். அவள் போட்டுவைத்த தேநீரைத் தொடவில்லை. அவள் முனகும் பாட்டுகூடப் பொறுக்கவில்லை.

அவள் தந்த இடக் குறியீட்டை மேலே அனுப்புவது என் வேலை. கிழக்கே அறுநூறு மீட்டர் தள்ளி மாற்றி அனுப்பினேன். அளக்க வருகிறவர்கள் வெறும் மணலைப் பார்க்கட்டும்.

அவள் மீண்டும் வாசலுக்குப் போயிருக்கிறாள்.

நாள் 42, 15:05
நிலநடுக்கம். நிலையம் தாங்கியது. வாசல் சுவர் சரிந்து அவள் கலத்தின் மேல் விழுந்துவிட்டது. இடம் காட்டும் அவசர ஒலிப்பான் செத்துவிட்டது; என்னோடு பேசும் தொடர்பு மட்டும் இருக்கிறது. அவளுக்குத் தொண்ணூறு நிமிடக் காற்று. கப்பலிலிருந்து மீட்புக் கலம் கிளம்பியது, நான் அனுப்பிய குறியீட்டுக்கு.

15:40
“சார், வெளிச்சமே தெரியலையே. வாறாவளா?”

“வர்றாங்க.”

அவள் அங்கேயே இறந்தால் அந்த வாசலுக்கு அவள் பெயரையே வைப்பார்கள். இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன்.

15:58
வேதவல்லி: “கலம் போன எடத்துல வெறும் மணல்தான் இருக்கு. எடத்த சரியா சொல்லுங்க!”

ஒலிவாங்கியை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். “நான் மாத்தி அனுப்பிட்டேன்.”

சரியான எண்ணைக் கொடுத்தேன்.

16:29
நடுக்கத்தில் கலங்கிய நீரில் தடவித் தடவிக் கலம் போய்ச் சேர்ந்துவிட்டது. கல் புரட்டுகிறார்கள். முதலில் வேறு இடத்தில் தேடினார்கள் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

“சார்… நம்பர நான் தப்பா சொல்லிட்டனோ? எல்லாரையும் அலைய விட்டுட்டனே…”

16:34
“இல்ல பிரகாசி. நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் மாத்தி அனுப்பினேன்.”

அவள் காற்று முடியும் நேரம். பதில் வரவில்லை.

மறுபடி சொன்னேன்.

மறுபடி சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.