ஜீப் ஷெட்டுக்குக் கரண்ட்

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பெருமாள்மலை ஸ்டாண்டில் சவாரி இல்லை. ஜீப் கழுவ மோட்டார் பம்ப் வாங்கி ஒரு மாசம். ஷெட்டில் பிளக் கிடையாது. வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்தால் போதும் என்றேன். மலர் சிரித்துவிட்டாள்.

"அது ரூம் இல்லங்க. ஈரத் தரை. நீங்க வெறுங்காலோட நிப்பீங்க."

கல்யாணத்துக்கு முன்னாடி திண்டுக்கல்லில் ஐடிஐ எலக்ட்ரீசியன் படித்தவள். பதினாலு வருஷம் சமையல், பிள்ளை, என் சட்டை. போன மாசம் வயர்மேன் பரீட்சை பாஸ். முதல் வேலை எங்கள் ஷெட்.

அவள் எழுதி ஒட்டியிருப்பது:
- ஷெட்டுக்குத் தனி லைன். வீட்டு லைட்டோட சேர்க்கக் கூடாது.
- பம்புக்கு 4 ஸ்கொயர் வயர். லைட்டுக்கு 1.5.
- பிளக் நெஞ்சு உயரம். தண்ணி தெறிக்காத மூடி.
- பச்சை வயர், எர்த் குழி கட்டாயம்.
- மெயின்ல ஆர்சிசிபி, வீட்டுக்கும் சேர்த்து. கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து லைனை அணைச்சிரும்.

கையெழுத்து இவ்வளவு அழகா? கவனித்ததே இல்லை.

நவ. 4, செவ்வாய்

கூக்கால் கிராமத்து லோடு. பூண்டு. ரோடு மோசம்.

திரும்பி வந்தால் மலர் ஏணி மேல், கொண்டையில் பென்சில். ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம். நல்லா இருந்தது.

நவ. 6, வியாழன்

மழை விடவில்லை. சாயங்காலம் ஆர்சிசிபி மாட்டினாள். போட்டதும் விழுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது.

எனக்குப் பசி, எரிச்சல். "அதைக் கழட்டிட்டு நேரா குடு. காலைல வெள்ளனே வண்டி எடுக்கணும்."

"அது சும்மா விழாதுங்க. எங்கயோ கசியுது."

"உன் வயரிங்தான் தப்பு."

சொல்லியிருக்க வேண்டாம். அவள் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பின்பக்க லைட்டைப் போட்டால் மட்டும் விழுகிறது. இருட்டிவிட்டது, காலையில் பார்க்கலாம் என்றாள். அந்த லைட் சுவிட்சில் டேப் ஒட்டிவிட்டாள், யாரும் தொடாதபடி.

நவ. 7, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

பின்பக்க லைட் வயர். மூணு வருஷம் முன்னாடி காற்றில் அறுந்தபோது நான்தான் முறுக்கி டேப் சுற்றினேன். டேப் இற்றுப்போய், செம்பு இரும்புத் தூணைத் தொட்டுக்கொண்டு கெடக்கு. அந்தத் தூணில்தான் துணிக் கொடி. அதுவும் கம்பி.

மழைக்காலம் வந்தால் சொல்வாள், சாயங்காலம் துணி எடுக்கப் போனா விரல்ல சுருக்குங்குதுன்னு. குளிர்ல விரல் வெறச்சிருக்கும்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. இப்போது ஸ்கூல் விட்டு வந்து துணி எடுப்பது எங்கள் மகள் கயல். ஏழாம் வகுப்பு.

ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். மலர் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"படிச்சவதான, அன்னிக்கே ஏன் நீ பாக்கல?" அதட்டவில்லை. நிஜமாவே கேட்டேன்.

"நான் படிச்சதை நானே நம்பலங்க. நீங்க குளிருன்னீங்க. சரின்னுட்டேன்."

"இனி அப்படிச் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றாள். அழவில்லை. நான்தான்.

நவ. 8, சனி

சவாரிக்குப் போகவில்லை. அந்த வயரைப் பிடுங்கி எறிந்தாச்சு. கொடிக்கு நைலான் கயிறு. எர்த் குழி நான் தோண்டினேன். ஒரே கல். கயல் கரியும் உப்பும் கொட்டினாள். "அப்பா, இது பூமிக்கு ஊறுகாயா?"

கையில் கொப்புளம். மலர் ஊதிவிட்டாள். வெங்காயம் வாங்கணும்.

நவ. 9, ஞாயிறு

வெயில். பழனி வரை தெரிகிறது.

பின்பக்கம் புது லைன். எல்லா லைட்டும் போட்டுப் பார்த்தாள். விழவில்லை. டெஸ்ட் பட்டனை அமுக்கினாள். டக். விழுந்தது. "இப்படித்தான் விழணும். மாசம் ஒருக்கா அமுக்குங்க." பம்ப் ஓடியது. ஜீப் பளபளன்னு. கயல் முழுக்க நனைந்து மலரிடம் திட்டு.

மத்தியானம் பூண்டியிலிருந்து தங்கராசு அண்ணன் போன். அவரோட கேரட் கழுவுற ஷெட்டுக்கு லைன் இழுக்கணுமாம். "உன் ஷெட்டுல லைன் இழுத்தியாமே. நீ ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுப்பா."

"நான் டிரைவர்ண்ணே. இருங்க, வயர்மேன்கிட்ட குடுக்கேன்."

மலர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தாள். அப்புறம் தெளிவா:

"சொல்லுங்கண்ணே. தரை சிமெண்டா, மண்ணா?"