மூக்கையா அண்ணன் மேல் தப்பில்லை

வாபி
12.8.2006

அன்புள்ள சத்தியபிரியாவுக்கு,

நான் சுகம். பாச்சலூரில் மழை விட்டதா, உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா, அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று எழுது.

இங்கே ஆலையின் பெரிய மோட்டாரில் பேரிங் அடிக்கடி போனது உனக்குத் தெரியும். கிரீஸ் வைப்பதில் கவனக்குறைவு என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். கிரீஸ் வைக்கும் வேலைக்கு நான் கூட்டிவந்த நம் பக்கத்து வீட்டு மூக்கையா அண்ணனை அதை வைத்தே வேலையை விட்டு எடுத்தார்கள்.

"சொன்ன நாளெல்லாம் வெள்ளனே வந்து வச்சேன் தம்பி. நீயுமா நம்பல?" என்றார்.

அவர் போன பிறகும் பேரிங் போனது. அறுத்துப் பார்த்தேன், உள்ளே வரிவரியாக அரித்திருந்தது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயருக்கும் பொதுவாக ஒரு வேண்டாத வோல்டேஜ் வந்து, சுழலும் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்கில் பொறியாகப் பாய்ந்திருக்கிறது. டிரைவின் செட்டிங்கை மாற்றி அதைக் குறைத்தேன். இப்போது நன்றாக ஓடுகிறது. எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். அண்ணனைத் திரும்பக் கூப்பிடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். வேறு ஆள் வந்தாயிற்று என்றார்.

அவர் போனதிலிருந்து தமிழ் பேச ஆளில்லை. மலைப்பூண்டு கொஞ்சம் அனுப்பு. தமிழ்ப் பேப்பரில் சுற்றி அனுப்பு, அதையும் படிப்பேன்.

அண்ணன் ஊருக்கு வந்ததிலிருந்து யார் வீட்டுக்கும் போவதில்லை என்று எழுதியிருந்தாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி சின்னத்தாய் மதினியும் இருக்கும்போது இதை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அண்ணன் வைதால் ஒரு வார்த்தை விடாமல் எழுது.

உன்,
சுரேந்திரன்