நேற்றே எழுதிப் போட்ட பதில்

பங்குனி, செவ்வாய்க்கிழமை.

இன்று பள்ளிக்கூடத்துக்கு, பாடம் நடத்துவதைப் பார்க்க ஆபீசர் வந்தாராம். அவர் முன்னால் டீச்சர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, கரிசல் மண் ஏன் வெடிக்கிறது என்று கலந்து பேசிக் கண்டுபிடிக்கச் சொன்னாராம். என் மகள் செல்வி எழுந்து, "நேத்தே போர்டுல பதில எழுதிப் போட்டுட்டீங்களே டீச்சர், இன்னும் என்னத்தக் கண்டுபிடிக்க?" என்று கேட்டுவிட்டாள். ஆபீசர் போனதும் டீச்சர் அவளை முட்டி போட வைத்துவிட்டாராம்.

சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு டீச்சரிடம் நியாயம் கேட்கத்தான் போனேன்.

"எக்கா, கேள்வி கேக்கச் சொன்னா எங்கிட்டயேவா கேக்கது? ஒங்க மவ வாய அடக்கி வைங்க" என்றார் டீச்சர்.

அடுத்த வருஷமும் இந்த டீச்சர்தான். கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

வழியில் செல்வி, "நான் பொய்யா சொன்னேன்ம்மா?" என்றாள்.

"வாய மூடிட்டு வா ஏட்டி."

பொய் சொல்லக்கூடாது என்று முருகன் படத்தின் முன்னால் அவளிடம் சத்தியம் வாங்கியவள் நான். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்துக்கு விளக்கேற்றி, கும்பிட அவளைக் கூப்பிட்டேன். எதற்கும் ஏன் என்பவள், இன்று ஏன் என்று கேட்காமல் வந்து கும்பிட்டுப் போனாள்.