நீங்கள் அடுப்பில் போடாத பலகை

என் கூடப் பிறக்காத சதாசிவம் அண்ணனுக்கு,

தம்பி முத்தையா பேசுகிறேன். எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு ஏது எழுத்து? நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சரோஜா எழுதுகிறாள். "மெதுவா சொல்லுங்க மாமா, என் கை என்ன மிசினா?" என்று ஆரம்பத்திலேயே அலுத்துக்கொள்கிறாள். விடியவிடியப் பாட்டெழுதிவிட்டு விரலைச் சொடுக்கெடுக்கிறபோது நீங்களும் இப்படித்தான் அலுத்துக்கொள்வீர்கள்.

நீங்கள் போய் வருசம் திரும்பப் போகிறது. திவசம் வருவதற்குள் இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. இந்த வயசில் என்னடா பயம் என்பீர்கள். சாவைப் பற்றிய பயம் இல்லை. இது பழசு. பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கெடுக்கிற நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றோமே, அந்தப் பயம்.

போன வாரம் உங்கள் மகள் செல்வி குருண் டவுனிலிருந்து வந்திருந்தாள். கையில் கோணிச்சாக்கில் சுற்றிய ஒரு சாமான். "அப்பா பெட்டிக்கு அடியில இருந்துச்சு சித்தப்பா. பலகையில யாரோ ஒருத்தர் மூஞ்சி. நீங்க செதுக்குனதுதானே?" என்றாள். சாக்கின் ஒரு முனையை விலக்கினேன். மீசையின் நுனி தெரிந்தது. உடனே மூடிவிட்டேன். பக்கத்திலிருந்த காப்பி கவிழ்ந்து சரோஜாவின் பாயெல்லாம் ஈரம். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணே, அதை அடுப்பில் போட்டுவிட்டேன் என்றுதானே சொன்னீர்கள்?

செல்விக்கு இந்தக் கதை தெரியாது. எழுதிக்கொண்டிருக்கிற சரோஜாவுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திரும்பச் சொல்கிறேன். அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது பாதி நின்றுபோனது. மரவள்ளி நட்டோம், மரவள்ளி தின்றோம், சாக்கைக் கிழித்து உடுத்தினோம். நீங்கள் மட்டும் புத்தகம் போடுவதை விடவில்லை. அச்சாபீஸ் இல்லை, தாள் இல்லை. ஆபீசில் வீணாகக் கிடந்த பழைய தாள்களின் பின்பக்கத்தில் உங்கள் கையாலேயே பாட்டை எழுதி, சணல் நூலால் தைத்து, கோயிலுக்கு வருகிறவர்களிடம் கொடுப்பீர்கள். அவர்கள் ஒரு பிடி உப்போ நாலு கிழங்கோ கொடுப்பார்கள். அட்டையில் படம் இருந்தால்தான் சனங்கள் கையில் எடுப்பார்கள் என்று என்னைப் பிடித்தீர்கள்.

உடைந்த வெட்டுக்கத்தியைத் தீட்டிப் பலாப்பலகையில் செதுக்குவேன். ரப்பர் கொட்டையில் எடுத்த எண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்தால் மை. தாமரை, மயில், யானை. எந்தப் பக்கம் பார்த்தாலும் மயில் மயில்தானே? அதனால்தான் அந்த விசயம் எனக்கு உறைக்கவே இல்லை. எழுத்துத் தெரிந்தவன் என்றால், பலகையில் இருப்பது தாளில் வலம் இடமாக மாறி விழும் என்று முதல் நாளே கண்டுபிடித்திருப்பான். எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அந்த வருசம் கந்த சஷ்டிக்கு நீங்கள் சூரசம்மாரப் பாட்டுக் கட்டினீர்கள். நான் முதன்முதலாக ஆள் உருவம் செதுக்கினேன். மேலே மயில்மேல் முருகன், வலது கையில் வேல். கீழே சூரன், வலது கையில் கதாயுதம். தாளில் அழுத்தி எடுத்தால் இரண்டு பேருக்கும் இடது கை. உங்களுக்கும் அது கண்ணில் படவில்லை. நீங்கள் எழுத்தைத்தான் பார்ப்பீர்கள், நான் கோட்டைத்தான் பார்ப்பேன். கையை யார் பார்த்தது?

சனங்கள் பார்த்தார்கள். காலையில் பெரட்டுக்கு நின்ற பெண்டுகள் புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்தார்கள். "அடியே, சூரனப் பாருடி! நம்ம பீச்சாங்கை மண்டோரு!" "மீசையும் அதேதான்டி!" "மெல்ல பேசுங்கடி, காது கேக்கப் போவுது!"

நம்மை வேலை வாங்குகிற அந்த மண்டோருக்கு இடது கைதான் வழக்கம். பிரம்பைப் பிடிப்பதும் இடது கை. ஜப்பான்காரனின் ரயில் பாதைக்காகச் சயாமுக்கு ஏற்றுகிற ஆளைச் சுட்டிக்காட்டுவதும் அதே இடது கை. அந்தக் கை யார் பக்கம் நீளுகிறதோ, அவன் அன்றைக்கே லாரியில். ரயில் பாதை போடப் போன ஒருத்தனும் அதுவரைக்கும் திரும்பவில்லை. நான் அவரை நினைத்துச் செதுக்கவே இல்லை அண்ணே. சூரனுக்கு மீசை வேண்டும் என்று ஒரு மீசை வைத்தேன். அவ்வளவுதான். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று மத்தியானமே, ரப்பர் காயவைக்கிற புகைக்கூண்டுப் பக்கம் அவர் வந்துவிட்டார். நீங்களும் நானும் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தோம். இடுப்பிலிருந்து புத்தகத்தை உருவி என் மடியில் போட்டார்.

"இது யாருடா?"

நீங்கள்தான் எழுந்தீர்கள். புத்தகத்தை எடுத்தீர்கள். சூரன்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு நீட்டினீர்கள்.

"கீழயே பாக்குறீங்கண்ணே. மேல பாருங்க. சாமிக்கு வேலு எந்தக் கையில?"

அவர் பார்த்தார். பிரம்பு அவர் காலில் தட்டிக்கொண்டே இருந்தது.

"அப்ப நான் சாமியா?"

"ரெண்டும் ஒங்க கைதான்ணே. அதுக்கு மேல செதுக்குனவனுக்கு ஒன்னும் தெரியாது. எழுத்து வாசன இல்லாத பய."

"வாய் நல்லா இருக்கு ஒனக்கு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டேய், எனக்குன்னு ஒன்னு செதுக்கு. நான் மட்டும். சாமியும் வேணாம், சூரனும் வேணாம். லாரி வர்ற அன்னைக்குக் காலையில கொண்டா. நீ என்னைய யாருன்னு நெனச்சிருக்கேன்னு அதுல பாத்துக்கிறேன். பொறகு லாரியில யார ஏத்துறதுன்னு முடிவு பண்றேன். ஒன்னையா, வாய்க்காரனையா, ரெண்டு பேரையுமா."

சரோஜா எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதும்மா.

அதற்கு முன் நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை அண்ணே. நாம் யாருமே பார்த்ததில்லை. அவர் பக்கம் தலை தூக்கினால் அந்தக் கை நம் பக்கம் வரும் என்று மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாம். இப்போது பார்க்காமல் எப்படிச் செதுக்குவது? மறுநாள் பெரட்டில் தலை தூக்கினேன். பக்கத்தில் நின்றவன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான், "குனிடா, குனிடா" என்று.

அப்போது பழைய துரை பங்களாப் படியில் ஜப்பான்காரனின் பூட்ஸ் சத்தம் கேட்டது. மண்டோருக்கு இடது கண்ணின் கீழ் இமை துடித்தது. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார். நனைத்த உதடு உடனே காய்ந்தது. மறுபடியும் நனைத்தார். அந்தச் சத்தம் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற வரைக்கும் அவர் திரும்பவே இல்லை.

அதைத்தான் செதுக்கினேன். வேறு மாதிரி செதுக்க எனக்குத் தெரியவில்லை. வீரனாகச் செதுக்கலாம் என்று எவ்வளவோ பார்த்தேன், கத்தி கேட்கவில்லை. மை தடவித் தாளில் எடுத்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் தாளைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தீர்கள்.

"நல்லா வந்திருக்குடா. அதான் வம்பு," என்றீர்கள். "இவ்வளவு பயந்தவனா நம்மள ஏத்தி அனுப்புறான்? இத அவன் பாத்தான்னா, நம்ம ரெண்டு பேரையும் விட்டு வைப்பானா?"

நான் அழுதேன். உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் என் தலையில் ஒரு குட்டு வைத்தீர்கள். "அழுவாத. ஆளத் திருப்பு. முதுகச் செதுக்கு. முதுகுல என்னடா தெரியும்?"

சோப்பு வந்த மரப்பெட்டியின் மூடியை எடுத்துக் கொடுத்தீர்கள். இந்த முறை கை வலமா இடமா என்று இரண்டு பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் இரண்டு கையையும் பின்னால் கட்டி, பிரம்பை இரண்டு கையாலும் பிடித்திருப்பது போலச் செதுக்கினேன். வலமும் இல்லை, இடமும் இல்லை. முன்னால் பால்மர வரிசை. முகம் இருந்த பலகையை நீங்கள் வாங்கிக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்து, "அடுப்புல போட்டாச்சு, மறந்துடு," என்றீர்கள்.

லாரி வந்த காலையில் தாளை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி எங்கடா?"

நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "முன்னால நிக்கிறவனுக்குத்தான்ணே மூஞ்சி. நாங்க ஒங்க பின்னால நிக்கிறவங்க. எங்களுக்குத் தெரியிறது இவ்வளவுதான்."

அவர் சிரிப்பார் என்றோ அடிப்பார் என்றோ காத்திருந்தேன். இரண்டும் இல்லை. தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"என் முதுகு இவ்வளவா கூனியிருக்கு?" என்றார்.

நம்மைக் கேட்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்டார். நான் கூனாகச் செதுக்க நினைக்கவில்லை அண்ணே, பார்த்தபடி செதுக்கினேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிரம்பு உயர்ந்தது. அது நம்மைத் தாண்டிப் போனது. நம்மைத் தாண்டி யார் பக்கம் நின்றது என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அவன் தாய் என் காதில் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த லாரியில், கூட்டத்தை மேய்க்கிற ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் மண்டோரையே ஏற்றிவிட்டான். அன்று பிரம்பு அவர் கையில் இல்லை. லாரி திரும்புகிறபோது கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிட்டு, இடது கையால் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். அவரும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நான் எத்தனை பேருக்குப் படம் போட்டிருக்கிறேன்! சொந்தக் காசில் புத்தகம் போடுகிற யாருக்கும் நீங்கள்தான் என்னைக் கைகாட்டினீர்கள். கோத்தா கோலா மூடாவிலிருந்து மீன்காரர் ஒருவர் கடல் பாட்டு எழுதிக்கொண்டு வந்தார். வாத்தியார்கள் வந்தார்கள், சாமியார்கள் வந்தார்கள். எல்லோருக்கும் முதுகுதான். குடை பிடித்தவன், முக்காடு போட்டவள், தூரத்தில் போகிற மாட்டுவண்டி. மீன்காரர் மட்டும் கேட்டார், "ஏன் அண்ணே, என் பெண்டாட்டி என்ன அவ்வளவு அசிங்கமாவா இருக்கா? தலைய வல போட்டு மூடிட்டீங்க!" மற்றவர்கள் அதை என் பாணி என்றார்கள். நீங்கள் ஒரு தரம்கூட ஒன்றும் சொன்னதில்லை. கத்தியை எடுத்து ஒரு கண்ணின் வளைவைத் தொடங்கினாலே அந்தப் பூட்ஸ் சத்தம் எனக்குக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது செல்வி, சயாமுக்குப் போனவர்களைப் பற்றி நீங்கள் கட்டிய பாட்டுகளைப் புத்தகமாகப் போடப் போகிறாள். "அப்பா மாதிரி நானே போட்டு நானே விக்கிறேன் சித்தப்பா. கம்பெனிக்காரன் எதுக்குலா? படம் நீங்கதான். ஆனா முதுகு வேணாம். போனவங்களுக்கு மூஞ்சி வேணும்," என்கிறாள். அப்பனுக்குத் தப்பாத வாய்.

அவள் போன பிறகு சாக்கை முழுக்கப் பிரித்தேன். பட்டப்பகல்தான், சரோஜா அடுப்படியில் இருக்கிறாள், ரேடியோ பாடுகிறது. இருந்தும் கதவைத் தாழ் போட்டேன். யாருக்குப் பயந்து? அவர் இல்லை, ஜப்பான்காரன் இல்லை, அந்தத் தோட்டமே இல்லை. பலகையைப் பார்த்தால் துடித்த இமை, காய்ந்த உதடு, அப்படியே. பள்ளங்களில் ஒட்டியிருந்த மை காய்ந்து இறுகிப் போயிருந்தது.

நீங்கள் ஏன் எரிக்கவில்லை? மண்டோர் என்னைப் பிடித்துக் கேட்டால், எரித்துவிட்டார் என்று நான் பொய்யில்லாமல் சொல்ல வேண்டும் என்றா என்னிடம் பொய் சொன்னீர்கள்? அகப்பட்டால் உங்களோடு போகட்டும் என்றா? போர் முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே. நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தீர்களா? நினைத்ததும் சரிதான். இப்போதே தாங்கவில்லை.

அந்த மனுசனுக்கு வேறு படம் எங்கும் இருக்காது. நம் ஆட்களை ஏற்றி அனுப்பியவரும் அவர்தான், ஏறிப் போனவரும் அவர்தான். அந்த முகத்தை மறைக்க எனக்கு உரிமை உண்டா, இல்லையா? உங்களிடம் கேட்டால் வாய்க்கு வந்ததை ஒரு பாட்டாக்கி விடுவீர்கள். நான் என்ன செய்வேன்?

சரி அண்ணே. பயம் போகாது, அது என்னோடுதான் வரும். ஆனால் வாக்குக் கொடுக்கிறேன். செல்வியின் புத்தகத்தில் அந்தப் பலகையை அப்படியே அச்சடிக்கச் சொல்கிறேன். அதற்குப் பிறகு லாரியில் போனவர்களில் என் கண்ணில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராக, முகத்தோடு செதுக்குகிறேன். முதல் முகம், அன்று நம்மைத் தாண்டிப் போன பிரம்பு யார் முன்னால் நின்றதோ அவனுடையது. கை நடுங்கினால் கோடும் நடுங்கிவிட்டுப் போகட்டும். உங்கள் திவசத்துக்கு அவன் முகத்தை உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைப்பேன்.

கைநாட்டு வைக்க சரோஜா மை கொண்டுவந்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் பேனாவை வாங்கிக்கொண்டேன். கீழே இந்தக் கிழவனின் முகம் இருக்கும். இடது கண் துடிப்பது போல வந்துவிட்டது. வலமா இடமா என்று சரிபார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

உங்கள் குட்டு வாங்கிய தம்பி,
முத்தையா