கறந்த பால் சூடு

நவம்பர் 9, ஞாயிறு

பக்கத்துப் பண்ணை ஓத்வார் வந்திருந்தார். அவருடைய ஈஸ்ட் கெட்டுப் புளித்துவிட்டதாம். கிறிஸ்துமஸ் பீருக்கு எங்கள் வீட்டு ஈஸ்ட் ஒரு பிடி கேட்டார். இங்கே யாரும் இதை இல்லையென்று சொல்வதில்லை. நாளைக்கு நம்முடையது செத்தால் அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அம்மா காபி ஊற்றிக்கொண்டே, "அது ஐலிவோடது. அவன் வந்ததும் கேட்டுக்கோ" என்றாள். ஓத்வார் பாதிக் காபியோடு எழுந்து போனார்.

தம்பி ஐலிவின் படகு செப்டம்பரில் ஏரியில் கவிழ்ந்து கிடந்தது. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. உடல் கிடைத்தால் அடையாளம் பார்க்க என்று போலீஸ் கேட்டபோது அவனுடைய பல் எக்ஸ்ரேயை நான் வேலை செய்யும் பல் கிளினிக்கிலிருந்து எடுத்து அனுப்பியவள் நான்தான். எதற்கு என்று அம்மா கேட்கவே இல்லை.

நவம்பர் 10

பெண் பாதிரியார் போன் செய்தார். ஏரி உறைந்துவிட்டால் வசந்தம் வரை ஒன்றும் தெரியாது, உடல் இல்லாவிட்டாலும் டிசம்பர் 13 அன்று ஒரு ஜெபம் வைப்போம் என்றார். அம்மா முடியாது என்றாள். அப்புறம் அடுப்பைப் பார்த்தபடி ஒன்று சொன்னாள். "அவன் ஈஸ்ட்டைப் போட்டு நீ பீர் காய்ச்சு. அது பொங்கலைன்னா சர்ச்சுக்கு வரேன். பொங்கிடுச்சுன்னா இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது."

எல்லாம் அவன் வாய்க்கொழுப்பால் வந்தது. ஒவ்வொரு வருஷமும் வாளியைத் தட்டிக்கொண்டு, நான் இருக்கிற வரைக்கும்தான் இந்த ஈஸ்ட் உயிரோடு இருக்கும் என்பான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

நான் வாழ்நாளில் பீர் காய்ச்சியதில்லை.

நவம்பர் 12

வேலை முடிந்து கடைக்குப் போனேன். புதிதாகக் காய்ச்சுபவர்களுக்கான சின்னப் புத்தகம், கிருமி நீக்கும் திரவம் ஒரு பாட்டில். ஈஸ்ட் பாக்கெட்டுகள் ஒரு அலமாரி முழுக்க இருந்தன. இது வாழைப்பழ வாசனை தரும், இது கிராம்பு, இது எந்த வாசனையும் தராமல் சுத்தமாக வேலை செய்யும், எந்தச் சுவை வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு வேண்டியது சுவையா? கட்டாயம் பொங்குகிற ஒன்றைப் போட்டால் அம்மா சாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். செத்த ஒன்றைப் போட்டால் என் கையாலேயே அவனை —

சுத்தமாக வேலை செய்யும் என்றதில் ஒரு பாக்கெட் வாங்கினேன். கைப்பையின் உள்ஜிப்பில் இருக்கிறது. ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. தெரியும்.

நவம்பர் 15

நிலவறையில் அவனுடைய சாமான்களைக் கழுவினேன். முதலில் அழுக்குப் போகத் தேய்க்க வேண்டும், கிருமி நீக்குவது அதற்குப் பிறகு. அழுக்கின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் வீண். கிளினிக்கில் தினமும் செய்வதுதான். ஆனால் கிளினிக்கில் யாருடைய கருவியும் என்னைப் பார்ப்பதில்லை.

வாளி, மூடி, மூடியில் செருகும் காற்றுக் குழல், கரண்டி. வாளிக்குள் கீறல் விழாதபடி மெல்லிய துணியால்தான் தேய்த்தேன். கீறலில் கிருமி ஒளிந்துகொள்ளும். கடைசியில் ட்யூப். பீரை இறக்க அவன் வாய் வைத்து உறிஞ்சும் ட்யூப், எத்தனை முறை திட்டியிருப்பேன். நுனியில் பல் தடம். மேல்வரிசையில் கொஞ்சம் திரும்பி நிற்கும் அந்த ஒற்றைப் பல். எக்ஸ்ரேயில் பார்த்த அதே பல்.

பல் தடம் பட்ட ட்யூப்பைத் தூக்கி எறிய வேண்டும் என்கிறது புத்தகம். எறியவில்லை. மருந்தில் ஊறப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். நிலவறையில் ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. எல்லாக் குழாயும் மூடித்தான் இருந்தது.

நவம்பர் 22, சனி

காய்ச்சினேன். அவன் செய்வதுபோல ஜூனிபர் புதரின் கிளைகளை வேகவைத்த தண்ணீரால் வாளியை ஒருமுறை அலசினேன், அதற்குமேல் கடை மருந்து. பல் பிடுங்குகிற வீட்டில் காய்ச்சிய மாதிரி இருக்கும் என்று ஓத்வார் வேலிக்கு அப்பாலிருந்து கிண்டல் செய்தார். முளைகட்டிய பார்லி மால்ட்டின் சாறு கொதித்து ஆறியது. இருபது டிகிரிக்கு வந்ததும் ஈஸ்ட் சேர்க்கவும் — புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

அவனுடைய ஜாடியைத் திறந்தேன். காய்ந்த ஈஸ்ட் செதில்கள், ஆரஞ்சுத் தோல் வாசனை. பாக்கெட் பைக்குள்ளேயே இருந்தது. அவனுடையதைத்தான் போட்டேன். அம்மாவை ஏமாற்ற என்னால் ஆகாது.

ஈஸ்ட் போடும்போது பெரிதாகச் சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் பீரும் ஊமை, குடிக்கிறவர்களும் ஊமை என்பார்கள். நான் வாயைத் திறந்தேன். கரையில் நின்று இருட்டும்வரை அவன் பெயரைக் கத்திய நாளோடு அந்தச் சத்தம் என்னிடமிருந்து போய்விட்டது. மூடியை அழுத்தி மூடினேன்.

நவம்பர் 23

ஒன்றும் இல்லை. குழலில் ஒரு குமிழ்கூட இல்லை. அம்மா மேல்படியில் நின்றபடி கேட்டாள். இல்லை என்றேன்.

நவம்பர் 24

இன்றும் இல்லை.  அம்மா தானே பாதிரியாருக்குப் போன் செய்து, பதிமூன்றாம் தேதி வருகிறோம் என்றாள். பிறகு ஐலிவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிற சத்தத்தை இப்போதுதான் முதல்முறை கேட்கிறேன்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. சே, என்ன பிறவி நான்.

நவம்பர் 25

ஓத்வாரிடம் வேலியோரம் நின்று சொன்னேன். எந்தச் சூட்டில் போட்டேன் என்று கேட்டார். இருபது என்றதும் சிரிக்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நம்ம ஊரு ஈஸ்ட்டுக்குக் கறந்த பால் சூடு வேணும் மார்கிட். உன் புத்தகம் வேற ஜாதி ஈஸ்ட்டுக்கு எழுதினது. குளிர்ல அது சாகாது, சுருண்டு படுத்துக்கும், அவ்வளவுதான்."

சாகவில்லை. இப்போது இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அம்மா அழுது முடித்து, அவனுடைய நல்ல சட்டையை மடித்து வைத்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு மொத்தத்தையும் சாக்கடையில் ஊற்றினால் யாருக்கும் தெரியாது. நிலவறைக்குப் போனேன். வாளியைத் தொட்டேன். அந்தச் சில்லிப்பு, ஐயோ. தண்ணிக்குள்ள சில்லுன்னு கிடக்கட்டும்னு இதையும் எப்படி விடுவேன்?

வெந்நீர்ப் பைகளைச் சுற்றிலும் அடுக்கினேன். அவனுடைய கம்பளிக் கோட்டைப் போர்த்தினேன். பொத்தான்களையும் போட்டேன்.

நவம்பர் 26

காலையில் படி இறங்கும்போதே குழலில் குமிழ் வெடிப்பது கேட்டது. க்ளக். க்ளக். நிலவறை முழுக்க ஆரஞ்சு வாசனை. கோட்டுக்குள் கையை விட்டேன், காய்ச்சல்காரனின் நெஞ்சுபோல் சூடு. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன்.

அம்மா பின்னால் நின்றிருந்தாள். என்னை விலக்கிவிட்டு அவளும் கோட்டுக்குள் கையை விட்டாள். எடுக்கவே இல்லை. இனி பதிமூன்றாம் தேதி ஜெபம் இல்லை, மறுபடியும் வாசல்தான் என்று நினைத்தேன்.

"அவன் சொன்னது பொய்," என்றாள். "அவன் இல்லாமயும் இது பொங்குது."

நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். "பேசாம இரு. நான் அவனுக்கு அழுதுட்டேன். அழுததைத் திருப்பி எடுத்து உள்ள வைக்க முடியாது." அப்புறம் நான் சத்தம் போட்டேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவனாயிருந்தால் போட்டிருப்பான் என்றாள்.

டிசம்பர் 13

ஜெபம் நடந்தது. சவப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய மீன்வலையை வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் பீர் குடித்தார்கள். யாரும் பாடவில்லை, அது என் தப்பு. ருசி நன்றாக இருந்தது. ஏரி ஓரங்களில் உறைய ஆரம்பித்துவிட்டது.

டிசம்பர் 16

நுரையிலிருந்து வழித்து எடுத்துக் காகிதத்தில் பரப்பிய ஈஸ்ட் காய்ந்து செதிலாகிவிட்டது. அம்மா பாதியை ஒரு ஜாடியில் போட்டுக்கொண்டு, பனியில் தானே நடந்து ஓத்வார் வீட்டுக்குப் போனாள். நான் கைபிடித்துக் கூடப் போனேன். ஈஸ்ட் கொடுக்கும்போது அது யாருடையது என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். ஓத்வார் இரண்டு கையாலும் ஜாடியை வாங்கினார்.

"என் பையன் ஐலிவ் வச்சிருந்தது," என்றாள் அம்மா. "இனிமே உன்கிட்டயும் இருக்கட்டும்."

டிசம்பர் 19

ஓத்வார் இன்று காய்ச்சினார். நாங்கள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டிலிருந்து சத்தம் வந்தது, ஈஸ்ட் போடும் சத்தம். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். நான் போய் ஜன்னலைத் திறந்தேன். பதிலுக்குச் சத்தம் போடுகிற வழக்கமெல்லாம் இங்கே கிடையாது. போட்டேன். ஏரி வரை போயிருக்கும்.

ஜன்னலைச் சாத்து, குளிருது என்றாள் அம்மா.