சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாள்

அம்மா,

இன்று காலை குக்கர் விசிலடித்தபோது அடுப்பருகேதான் நின்றிருந்தேன். ஆனாலும் கண் வெயிட்டின் மேலேயே இருந்தது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அது எழும்பி ஆடுவதைப் பார்த்துத்தான் நீ விசிலை எண்ணுவாய். சமையலில் அத்தனை கவனம் என்று நினைத்திருந்தேன். மடச்சி நான்.

நூல் மில்லில் இருபது வருடம் இருந்தாய். அந்த இரைச்சலில் எல்லோரும் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வீர்கள். இரைச்சல் உன் காதைத் தின்றது. அதை மறைக்கவும் அதே மில்தான் கற்றுக்கொடுத்தது. முகம் தெரிந்தால் பதில் சொல்வாய். தெரியாவிட்டால் "ம்" என்பாய்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகுதான் மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப்போட்டோம். அட்டை வந்தால்தான் உதவித்தொகை. அது வந்தால்தான் மேலூர் வாடகை வீட்டில் இருக்க முடியும்.

காது டெஸ்ட்டுக்குக் கண்ணாடி அறையில் உன்னை உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பட்டனை அமுக்கினார். நீ அவர் விரலைப் பார்த்தாய். அவர் அமுக்க அமுக்க நீ தூக்கினாய், ஒரு தப்பில்லாமல். "தகுதியில்லை" என்று கடிதம் வந்தது.

"ஏம்மா கையத் தூக்குன?"

"தூக்கச் சொன்னாக, தூக்குனேன். பரிச்சையில வேணும்னே பெயிலாகச் சொல்றியா? அதுக்குத்தான் நீ இருக்கியே!"

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டதற்கான குத்து அது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி" என்று அப்போதே குமுறினாய். "சொன்னேன்ல, ஸ்கூட்டில போறப்ப! நீதான் ம்-ன்ன" என்று நானும் கத்தினேன்.

மறுபரிசோதனை கேட்டு நானே மனு எழுதினேன். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைதோறும் வரிசை. நாலாவது திங்கட்கிழமை பொறுமை போய்விட்டது.

"எங்கம்மா காதால கேக்கல சார், கண்ணால கேட்டுச்சு. செவத்தப் பாத்து உக்கார வச்சு டெஸ்ட் எடுங்க!"

அப்படியே எடுத்தார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். உன் கை மடியிலேயே கிடந்தது. "பின்னாடி நின்னு கூப்பிடுங்கம்மா" என்றார் டாக்டர். கூப்பிட்டேன். கத்தினேன். நீ திரும்பாவிட்டால்தான் நாம் ஜெயிப்போம். ஆனாலும் ஒரே ஒரு தடவை திரும்பிவிடேன் என்றுதான் உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. நீ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று ஸ்கூட்டியிலும் என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

திரும்பும்போது ஒத்தக்கடை தாண்டி வண்டியை ஓரங்கட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றி, உன் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, நான் படிப்ப விட்டுட்டேன்மா. எனக்குப் பிடிக்கல."

என் வாயையே பார்த்தாய்.

"இத மூஞ்சியப் பாத்துச் சொல்ல ரெண்டு வருசமாச்சாக்கும்? சரி, வண்டிய எடு. வெயிலு மண்டையப் பொளக்குது."

அட்டை வந்தது. அதை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினோம், ஆஸ்பத்திரியில். காய்ச்சல் முற்றிக் கிடந்தாய். சுற்றிலும் மாஸ்க் போட்ட முகங்கள்.

"மூச்சு வாங்குதாம்மா?"

"ம்."

"இல்ல, நல்லா இருக்கா?"

"ம்."

நான் அட்டையை நீட்டினேன். "அவங்களுக்குக் காது கேக்காது டாக்டர். மாஸ்க்க எறக்கிட்டுக் கேளுங்க."

அவர் இறக்கினார். அப்போதுதான் வாய்திறந்து சொன்னாய்: "நெஞ்சப் போட்டு அழுத்துதுய்யா. ரெண்டு நாளா."

இரண்டு நாளாக எல்லோருக்கும் "ம்" சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கும்தான். அன்று சாயங்காலம் போய்விட்டாய். முதல் மாத உதவித்தொகைகூட வந்திருக்கவில்லை.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். அட்டை என் பர்ஸில் இருக்கிறது. இப்போதெல்லாம் யாரிடமும் முதுகைக் காட்டிப் பேசுவதில்லை; "ம்" என்று யாராவது சொன்னால் நின்று முகத்தைப் பார்க்கிறேன். இந்த மடலையும் உன் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தேன். சத்தம் இல்லை. வாயை மட்டும் அசைத்து, நீ எதையும் விட்டுவிடாதபடி, நிதானமாக.