எட்டாம் படி

அம்மா,

உன் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பை இன்னும் துவைக்கவில்லை. மூன்று நாளாக என் மேஜை விளக்கின் மேல் தொங்குகிறது. டீசல், உப்புத் தண்ணீர், கொஞ்சம் கடுகெண்ணெய். மூக்கருகே கொண்டுபோனால் அந்த லாஞ்ச் படகு முழுசும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அப்பா இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார். நீயாக இருந்தால் "இது கர்ச்சீப்பா, கரித்துணியா" என்று கேட்டிருப்பாய். "உன் சாம்பார் மாதிரிதான், பார்க்கத்தான் அப்படி" என்று நான் சொல்லியிருப்பேன். நீ கரண்டியைத் தேடிக்கொண்டு வந்திருப்பாய்.

தமிழில்தான் எழுதுகிறேன். பெங்காலியில் எழுதினால் தப்பு வராது, உனக்குக் கோபம் வரும். தமிழில் எழுதினால் தப்பு வரும், நீ வரமாட்டாய். வந்தால் திருத்திக்கொள் என்று நாலைந்தை விட்டு வைத்திருக்கிறேன்.

எந்த வண்டியில் ஏறினாலும் வேடிக்கை பார்க்க நல்ல இடம் தேடுவது உன் பழக்கம். மெட்ரோ ரயில் டாலிகஞ்சைத் தாண்டித் தரைக்கு மேலே வந்து, அந்தப் பழைய கால்வாயை ஒட்டி ஓடுமே, அங்கே கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாய். உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டாய். கீழே பார்த்தால் கறுப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் பைகளும்.

"சாக்கடை பாக்க டிக்கெட் எடுத்த ஒரே ஆள் நீதாம்மா."

"தண்ணி தண்ணிதாண்டி. வளைஞ்சு போறதைப் பாரு."

நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் தெரிகிற என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

அதனால் போன குளிருக்கு நம் லேக் கார்டன்ஸ் பில்டிங்கின் பிக்னிக் சுந்தரவனத்துக்கு என்று முடிவானபோது உனக்குக் கால் தரையில் இல்லை. விடிகாலையில் பஸ், பிறகு ஒரு நாள் முழுக்க லாஞ்ச், காட்டுக்குள் கால்வாய் கால்வாயாக நுழைந்து நுழைந்து வெளியே வருவது. படித்துறையில் லாஞ்ச் வந்து நின்றதும் மொத்த பில்டிங்கும் காதை மூடிய மங்கி கேப்போடு மேல்தளத்துக்கு ஓடியது. முன்வரிசை நாற்காலிக்குப் பெரிய அடிதடி. நீ மட்டும் கையில் கர்ச்சீப்போடு கீழ்த்தளத்தைச் சுற்றி வந்தாய். ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வித்தையை நீதான் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தாய். பில்டிங்கில் அதற்கு 'மெட்ராஸ் ரிசர்வேஷன்' என்றே பெயர்.

நான் பின்னாலேயே வந்தேன். முனையில் நின்று பார்த்து, "இங்க நங்கூரக் கயிறுதான் தெரியும்" என்றாய். எஞ்சின் அறைப் பக்கம் போய், "காது போயிடும், காது போனா கண்ணும் சரியாப் பாக்காது" என்றாய். கடைசியில் இடது பக்கம், சமையல் செய்கிற இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீரை ஒட்டி இருந்த ஒரு மரப் படிமேல் கர்ச்சீப்பை விரித்தாய்.

"இதுதான் இடம். மேல இருக்கறவங்க தண்ணியைப் பாப்பாங்க. இங்க உக்காந்தா தண்ணி நம்மளைப் பாக்கும்."

"கத்தரிக்காய் பஜ்ஜி நம்மளைப் பாக்கும்னு சொல்லு."

"அதுவும் பாக்கட்டும், யாரு வேணாங்கறா."

இடம் தேடியபோது நீ மேல்தளத்துக்கு ஏறிப் பார்க்கவே இல்லை. ஹௌரா ஃபெர்ரிப் படகில்கூட ஒரு மூலை விடாமல் பார்ப்பவள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"கால்வாய்க்கு வந்தா காலும் வேலை செய்யணும்மா, வாய் மட்டும் செஞ்சா எப்படி?"

"உனக்கு வாய் மட்டும்தாண்டி கால்வாய் அகலம். போ, மூணாவது மாடி ரியா கூப்பிடறா பாரு."

போனேன். காலை முழுக்க மேலேயே இருந்தேன். முன்வரிசையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்கள் தூக்கிப் பிடித்த செல்போன்களும் அவற்றுக்குள் குட்டியாய் ஒரு காடும். கீழே நீ அப்பாவிடம், சேற்றில் நடக்கிற மீனையும் ஒரு கையை மட்டும் ஆட்டுகிற சிவப்பு நண்டையும் காட்டிக்கொண்டிருந்தாய். நடுவில் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டாய். "அப்புறம்" என்றேன் இரண்டு முறையும்.

சாப்பாட்டுக்குப் பிறகு லாஞ்ச் ரொம்பக் குறுகலான ஒரு கால்வாயில் நுழைந்தது. எஞ்சின் சத்தம் இறங்கியது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதியை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பியில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மா, புலி. தண்ணிக்கிட்ட நிக்குது. சீக்கிரம் வா" என்றேன். தமிழில் சொன்னால் அந்த லாஞ்சில் உனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் புரியும். மற்றவர்கள் எழுந்து ஓடி என் குட்டை உடைக்க மாட்டார்கள். அவ்வளவு யோசித்துச் செய்தேன்.

நீ எழுந்தாய். இரும்பு ஏணியில் பதினோரு படி. நாலாவதில் நின்றாய். எட்டாவதில் மறுபடியும் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தாய்.

"ஏணிக்கு வாடகை கேக்கப் போறாங்க. ஏறும்மா. புலிக்கு வேற வேலை இருக்கு."

மேலே வந்து சேர்ந்தபோது உன் உதடு வெளுத்திருந்தது. குளிர் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கடி, எந்தப் பக்கம்" என்றாய். ஏதோ ஒரு புதரைக் காட்டினேன். நெற்றியில் கை வைத்து நெடுநேரம் பார்த்தாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏமாந்தியா?"

மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றாய். பிறகு, "ஏமாறலையே. புலி போயிடுச்சு. வாலு மட்டும் இங்க நிக்குது" என்று என் காதைப் பிடித்தாய். ரியாவின் நாற்காலியில் உட்கார்ந்தாய். படித்துறை வரும்வரை கீழே இறங்கவே இல்லை. என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். "தூங்கறதுக்கா மேல வந்த" என்றேன். உன் தலை கனத்தது. ரியா பார்க்கிறாளே என்று கொஞ்சம் நெளிந்தேன். அந்த நெளிசலை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஹோலி முடிந்த வாரம் நீ போய்விட்டாய். பத்து நாள் கழித்து உன் ஆஸ்பத்திரி ஃபைலை அடுக்கும்போது அந்தக் காகிதம் கிடைத்தது. பிக்னிக்குக்கு முந்தைய மாதத்துத் தேதி. இதயத்தைப் பற்றி எனக்குப் புரியாத நாலு வரி, அதன்கீழ் புரிந்த ஒரு வரி: படி ஏறக்கூடாது. நம் பில்டிங்கில் லிஃப்ட் இருக்கிறது. அதனால் நீ படி ஏறாமல் இருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு நான் யாரையும் ஏமாற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் நாற்காலிகள் எல்லாம் நிம்மதியாக இருக்கின்றன. கணக்கு மிஸ் கூப்பிட்டு, "உடம்பு சரியில்லையா, ஏன் இப்படி நல்ல பிள்ளையா இருக்கே" என்றே கேட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? என் விளையாட்டுப் பேச்சில் அம்மா பதினோரு படி ஏறினாள் என்றா?

இந்தக் குளிருக்கும் அதே பிக்னிக். நான் வரவில்லை என்றேன். அப்பா எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "அவ இடத்துல வேற யாராவது உக்காந்துடுவாங்க" என்றார். அவ்வளவுதான். ஸ்வெட்டர் பெட்டியில் நாஃப்தலின் உருண்டைகளுக்கு நடுவே கர்ச்சீப்பைத் தேடி எடுத்தேன்.

உன் மரப் படியில் விரித்து உட்கார்ந்தேன். மேலே பார்க்கவே இல்லை. நண்டு கையை ஆட்டியது. சேற்றில் மீன் நடந்தது. நீ சொன்னது சரிதான், அங்கே தண்ணீர் நம்மைப் பார்க்கிறது. நான்தான் அதை நேராகப் பார்க்க முடியாமல் இருந்தேன். அப்பா மண் கோப்பையில் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா, போன வருஷம் அம்மாவை நான்தான் மேல ஏத்தினேன். புலின்னு பொய் சொல்லி."

அவர் டீயையே பார்த்தார். "தெரியும். நான் இங்கதானே இருந்தேன்."

"அம்மாவுக்கு?"

"அவளுக்குத் தெரியாதா உன்னை? நான் வேணாம்னுதான் சொன்னேன். 'புலியோ எலியோ, காலையிலேர்ந்து இப்பத்தான் அவளா கூப்பிடறா'ன்னா. கர்ச்சீப்பை என் கையில குடுத்து, 'இடத்தைப் பாத்துக்குங்க'ன்னு எழுந்துட்டா."

"படி ஏறக்கூடாதுன்னு எங்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?"

"உனக்குப் பரீட்சை முடியட்டும்னா."

கொஞ்ச தூரம் லாஞ்ச் போனது.

"அன்னிக்கு ஏறினதாலயாப்பா?"

"இல்லை. டாக்டரைக் கேட்டுட்டேன்."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அதைப் பிடித்துக்கொண்டேன். நீ பொய் என்று தெரிந்தே ஏறினாய் என்பது எனக்கு ஆறுதலா, இன்னும் பெரிய அடியா என்று சாப்பாடு முடியும்வரை யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

சாப்பிட்ட பிறகு அப்பா மேலே போனார். நான் மரப் படியிலேயே இருந்தேன். அதே குறுகலான கால்வாய் வந்தது. எஞ்சின் தணிந்தது. தலைக்கு மேலே கம்பியில் அப்பாவின் மங்கி கேப் எட்டிப் பார்த்தது.

"புலி. தண்ணிக்கிட்ட நிக்குது. சீக்கிரம் வா."

பேங்க் கவுண்ட்டரில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரல். அவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை. லாஞ்சில் யாரும் திரும்பவில்லை. அப்பாவுக்குப் பொய் சொல்ல வரும் என்று தெரிந்த அந்த நொடியில், டாக்டர் சொன்னதாகச் சொன்னாரே, அதுவும் ஆட்டம் கண்டது. இருந்தும் எழுந்தேன்.

நாலாவது படியில் நின்றேன், நீ நின்றதால். அங்கே மேல்தளத்துச் செருப்புகள்தான் தெரிகின்றன. எட்டாவதில் நின்று, உன்னைப் போலவே தலையைத் தூக்கினேன். நல்ல இடம் தேடி லாஞ்ச் முழுக்க அலைவாயே அம்மா, இதை எனக்குச் சொல்லவே இல்லையே. எட்டாம் படியில் காடு தெரியாது. தண்ணீரும் தெரியாது. கம்பியில் சாய்ந்து கூப்பிடுகிற ஆளின் முகம் மட்டும்தான் தெரியும், முழுசாக, பக்கத்தில். அப்பா முகத்தில் நான் வரமாட்டேனோ என்ற பயம் இருந்தது. போன வருஷம் நீ அங்கே நின்று என் முகத்தில் எதைப் பார்த்தாய் என்று கேட்க ஆள் இல்லை.

மேலே போய், "எங்கப்பா, எந்தப் பக்கம்" என்றேன். அவர் ஒரு புதரைக் காட்டினார். நெற்றியில் உன் கர்ச்சீப்பை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அவர் காட்டின பக்கமே நெடுநேரம் பார்த்தேன்.

இதோ, சமையலறையிலிருந்து கூப்பிடுகிறார். காபி போட்டிருக்கிறாராம். அப்பா போடுவதைக் காபி என்பதும் ஒரு புலிதான், உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். போகிறேன்.